மைதானத்துக்கு வந்த பெண்கள்

பெண்கள் பந்தாடுவது தமிழருக்குப் புதிய செய்தியன்று. நம் பழைய இலக்கியங்களில் மகளிர் கழங்கும் அம்மானையும் பந்தும் ஆடுகின்றனர். திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் காட்சியைப் படித்து மகிழாதார் யார்? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பாடல்களில் பந்தைக் கையிலே எடுத்தவள் பெரும்பாலும் செல்வக் குடியில் பிறந்தவள். தோழியர் சூழ நிற்பவள். அவள் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து வரவும் விறகு பொறுக்கி வரவும் வேறு யாரோ ஒருத்தி இருந்தாள். அந்த ஒருத்தி பந்தாடினாளா என்று புலவர்கள் சொல்லவில்லை. அவளுக்குப் பொழுது ஏது?

தண்ணீர் சுமந்தவளின் வழியில் வந்த பெண்கள் நம் நாட்டில் கால்பந்து ஆடத் தொடங்கிய கதையையே இங்கே சொல்ல முயல்கிறேன். அது நீண்ட கதையன்று. ஐம்பது ஆண்டுகளுக்குள் அடங்குவது. எனினும் அதன் தொடக்கத்தை விளங்கிக்கொள்ள, இந்த ஆட்டம் பிறந்த இங்கிலாந்துக்கு ஒரு முறை சென்று திரும்புவது நலம்.

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட, வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் பெண்கள் வேலைக்கு அமர்ந்தனர். பிரெஸ்டன் என்னும் நகரில் டிக் கெர் என்ற தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்த பெண்கள், உணவு இடைவேளையில் ஆண் தொழிலாளர்களோடு பந்துதைத்துப் பழகி, 1917இல் ஒரு குழுவாகச் சேர்ந்தனர். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காணப் பதினாயிரம் பேர் திரண்டனர். வசூலான பணம், காயமுற்ற போர்வீரர்களின் மருத்துவமனைக்குச் சென்றது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1920 டிசம்பர் 26ஆம் நாள், லிவர்ப்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆட்டத்தைக் கண்டவர் ஏறத்தாழ 53,000 பேர். கூலிக்காரப் பெண்களின் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் இது.

அடுத்த ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தார் கூடி ஒரு தீர்மானம் செய்தனர். கால்பந்தாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று. ஆகவே சங்கத்தில் சேர்ந்த எந்த மைதானத்தையும் பெண்களுக்குத் தரலாகாது என்பது அதன் சாரம். பெண்கள் ஆடக்கூடாது என்று அவர்கள் சட்டம் போடவில்லை என்பதைப் பாருங்கள், மைதானத்தைத்தான் பூட்டினார்கள். அதுவே போதுமானதாயிற்று. அந்தப் பூட்டுத் திறக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. பிரேசில் நாட்டார் 1941இல் அரசாணை மூலமாகவே பெண்களைத் தடுத்து, 1979இல்தான் தடையை நீக்கினர். மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை இருந்தது. உலகத்துக்கே கால்பந்து கற்றுக் கொடுத்த நாடுகள் இவை!

இந்தியாவில் இத்தகைய தடை எதுவும் இருந்ததில்லை. இருக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. பட்டாளத்தாரும் பாதிரிமாரும் கொண்டு வந்த இந்த ஆட்டம் படைமுகாம்களிலும் ஆண்கள் கல்லூரிகளிலும் வளர்ந்தது. 1911இல் வெறுங்கால்களோடு ஆடிய மோகன் பகான் குழுவினர் வெள்ளையர் படைக்குழுவை வென்றபோது வங்காளமே கொண்டாடிற்று. அந்தக் கொண்டாட்டத்தின்போது வீட்டுச் சமையற்கட்டில் இருந்த பெண்களைப் பந்து உதைக்கக் கூப்பிடலாம் என்ற எண்ணமே யாருக்கும் எழவில்லை. பூட்டுப் போடுவதற்கு முதலில் கதவு இருக்க வேண்டும் அல்லவா?

கதவு 1975இல் வைக்கப்பட்டது. அவ்வாண்டு இந்தியப் பெண்கள் கால்பந்துச் சம்மேளனம் தோன்றியது. ஆண்களின் அகில இந்தியச் சம்மேளனத்துக்குப் புறம்பாக, தனியாக நின்ற அமைப்பு அது. பெண்கள் குழுவின் முதற் பயிற்சியாளராக அமைந்தவர் சுசீல் பட்டாசாரியார். புகழ் பெற்ற ஈஸ்ட் பெங்கால் குழுவுக்கே பயிற்சியளித்த அவர், பெண்களுக்குப் பயிற்சி தர இசைந்தது அக்காலத்தில் சிறிய செயலன்று. ஐந்தாண்டுகளுக்குள் பலன் தெரிந்தது. 1979ஆம் ஆண்டுக்குரிய ஆசியப் பெண்கள் போட்டி 1980 ஜனவரியில் நமது கோழிக்கோட்டிலே நடைபெற்றது. இந்தியா வடக்கு, தெற்கு என இரண்டு குழுக்களை இறக்கியது. அவற்றுள் தெற்குக் குழு இறுதியாட்டம் வரை சென்று சீனத் தைபேயிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றது. 1981இல் ஹாங்காங்கில் மூன்றாமிடம். 1983இல் பாங்காக்கில் மீண்டும் இறுதியாட்டம், தாய்லாந்திடம் தோல்வி. அதே ஆண்டில் வங்காளத்துச் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

அன்று ஆசியாவில் பல நாடுகள் பெண்கள் குழுவைத் திரட்டவே இல்லை என்பது உண்மைதான். ஆயினும் ஆசியாவின் முன்வரிசையில் நம் பெண்கள் நின்றார்கள் என்பதும் உண்மை. அதன் பின் நேர்ந்ததுதான் வருந்தத் தக்கது. 1990களின் தொடக்கத்தில் பெண்கள் ஆட்டம் அகில இந்தியச் சம்மேளனத்தின் பொறுப்பில் வந்தது. பெரிய வீட்டில் வந்து சேர்ந்த ஏழை உறவினளைப் போல் அங்கே அதற்கு இடம் கிடைத்தது, கவனம் கிடைக்கவில்லை. சீனாவும் ஜப்பானும் கொரியாவும் பள்ளிச் சிறுமியர் முதற்கொண்டு பயிற்சி தந்து முன்னேறிய அதே காலத்தில், நம் குழு ஆண்டுக்கணக்கில் ஓர் ஆட்டமும் ஆடாமல் இருந்தது. பதினெட்டு மாதங்கள் எந்த நாட்டோடும் மோதாத காரணத்தால், 2009இல் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியப் பெண்கள் குழுவின் பெயர் எடுக்கப்பட்டது. தோற்றுக் கடைசியில் நின்றிருந்தால்கூடப் பட்டியலில் பெயர் இருந்திருக்கும்!

தலைநகரங்களில் இவ்வாறு விளக்கு மங்கியபோதும், சில மூலைகளில் அது அணையவில்லை. அந்த மூலைகள் எவை? மணிப்பூரின் பேட்டைகள், அரியானாவின் ஒரு சிற்றூர், சார்க்கண்டின் ஆதிவாசிக் கிராமங்கள், நம் கடலூர்க் கடற்கரை. வசதி மிக்க நகரப் பள்ளிகள் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

மணிப்பூரை முதலில் எடுத்துக்கொள்வோம். இம்பால் நகரின் தாய்மார் அங்காடியை அறிந்தவர்களுக்கு, அந்நாட்டுப் பெண்கள் கடைத்தெருவை நடத்துபவர்கள் என்பது தெரியும். பெண் வெளியே வருவது அங்கே விந்தையன்று. பேட்டைக்குப் பேட்டை விளையாட்டுச் சங்கமும் திடலும் உண்டு. தேசியப் பெண்கள் போட்டியை மணிப்பூர் இருபது முறைக்கு மேல் வென்றிருப்பதற்கு இந்தத் திடல்களே அடிப்படை. ஆயினும் அங்கேயும் எல்லாம் எளிதாக இருந்துவிடவில்லை. 1980இல் பிறந்த ஓயினம் பெம்பெம் தேவி சிறுமியாயிருந்தபோது பையன்களோடுதான் ஆட வேண்டியிருந்தது. பெண் என்று தெரிந்தால் சேர்க்கமாட்டார்கள் என்பதால் ஆண் பெயர்களைச் சொல்லிக்கொண்டு ஆடினார். பின்னாளில் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 2017இல் அர்ஜுனா விருதும் 2020இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற பெண்மணியின் தொடக்கம் இது.

விருதுகளைக் காட்டிலும் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று: மணிப்பூர்க் காவல் துறை அவருக்கு வேலை தந்தது. பெம்பெம் தேவிக்கும், அவருக்குப் பின் 2020இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் குழுவில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்த பாலா தேவிக்கும் மாதச் சம்பளம் தந்தது கால்பந்துச் சங்கமன்று, காவல் துறை. காவல் துறையைப் போல் ரயில்வேயும் எல்லைப் படைகளும் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்களை வேலைக்கு எடுத்தன. வறிய குடும்பத்துத் தாய் தந்தையர் மகளை மைதானத்துக்கு அனுப்பும்போது மனத்தில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: "இதனால் இவளுக்கு என்ன கிடைக்கும்?" அதற்குப் புகழ், பதக்கம், நாட்டின் பெருமை என்றெல்லாம் விடை சொன்னால் அடுப்பு எரியாது. "அடுத்த தெருப் பெண் போலீசில் சேர்ந்துவிட்டாள்" என்பது எரியும் விடை. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. விளையாட்டைப் பிழைப்பாக்கலாமா என்பர். பிழைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத வீட்டில் பிறந்தவர்களே இவ்வாறு பேசக் கேட்டிருக்கிறேன்.

அரியானாவின் பிவானி மாவட்டத்தில் அலக்புரா என்றொரு கிராமம். பெண் குழந்தை பிறப்பதையே விரும்பாத பகுதி என்று மக்கள்தொகைக் கணக்குகள் பழி சுமத்திய மாநிலம் அரியானா. அவ்வூர் அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் பையன்களுக்குக் கபடி கற்றுக் கொடுத்துக் கொண்டிருந்தார். சும்மா நின்ற சிறுமியர் தங்களுக்கும் ஏதாவது வேண்டும் என்று கேட்கவே, அவர் ஒரு பந்தைக் கொடுத்தாராம். கதை இவ்வளவு எளிதாகத்தான் தொடங்குகிறது. டில்லியில் நடைபெறும் சுப்ரதோ முகர்ஜி கோப்பைப் பள்ளிப் போட்டியில் 2012இல் பெண்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்டபோது, அலக்புராவின் சிறுமியருக்கு ஆடுவதற்கு ஒரு மேடை கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் அக்கோப்பையையும் வென்றார்கள். அரியானா அரசு வெற்றி பெற்ற மாணவியருக்கு உதவித்தொகை வழங்கியது. பெண்பிள்ளை வீட்டுக்குப் பணம் கொண்டு வந்தாள் என்ற செய்தி ஊரில் பரவியது. அதன் பின் மகளை அனுப்பாத வீடுதான் குறைவு. அந்த ஊர்த் திடலில் வளர்ந்த சஞ்சு யாதவ் 2016இல் நாட்டின் சிறந்த வளரும் பெண் ஆட்டக்காரர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு தொடங்கிய இந்தியப் பெண்கள் லீகின் முதற் போட்டியில், பெரிய நகரங்களின் குழுக்களோடு அலக்புரா என்ற கிராமத்தின் பெயரிலேயே ஒரு குழு ஆடிற்று.

இனிச் சார்க்கண்டு. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

ராஞ்சி நகருக்கு அருகில் ஓர்மாஞ்சி வட்டாரத்தில் ஹுடுப் என்னும் கிராமம் இருக்கிறது. அப்பகுதிப் பெண்களின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு புள்ளிவிவரம் போதும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, சார்க்கண்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 32 பேர் பதினெட்டு வயது நிறையுமுன்பே மணம் செய்து கொடுக்கப்பட்டவர்கள். மணமாகாத சிறுமியரில் எத்தனையோ பேர் வீட்டு வேலைக்கென்று டில்லிக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் காணாமற் போயினர். ஆட்டுக்கும் மாட்டுக்கும் புல்லறுப்பதும், தம்பி தங்கையரைத் தூக்கிச் சுமப்பதும், நெல் நடுவதும் எஞ்சியவர்களின் நாட்கடமை.

2009இல் இக்கிராமத்தில் யுவா என்ற அமைப்புத் தோன்றியது. தொடங்கியவர் பிரான்ஸ் காஸ்ட்லர் என்னும் அமெரிக்க இளைஞர். ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் அவர். கிராமத்துச் சிறுமி ஒருத்தி கால்பந்து ஆட வேண்டும் என்று கேட்டதிலிருந்து அது வளர்ந்தது. வெளிநாட்டார் ஒருவர் வந்துதான் நம் பெண்களுக்குப் பந்து கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்கும் எழாமல் இல்லை. ஆனால் நடந்ததைப் பார்க்கும்போது, பந்து கொடுத்தது சிறிய பங்கு. பெரிய பங்கு அந்தச் சிறுமியர் தாங்களே ஏற்றுக்கொண்டது. மூத்த பெண்களே இளையவர்களுக்குப் பயிற்சியாளர் ஆனார்கள். பதினைந்து வயதுக்காரி எட்டு வயதுக்காரிக்குக் கற்றுக் கொடுக்கும்போது, அந்த எட்டு வயதுக்காரியின் தாயிடம் சென்று பேசவும் அவளே போகிறாள். "நாளைக்கும் அனுப்புங்கள், அம்மா" என்று அவள் கேட்பதற்கு இருக்கும் வலிமை, நகரத்திலிருந்து காரில் வந்து இறங்கும் எந்த அதிகாரியின் சொற்பொழிவுக்கும் இல்லை. அவள் அதே தெருவில் வளர்ந்தவள். மணமாகாமல், ஓடிப்போகாமல், கெட்டுப்போகாமல் கண்ணெதிரே நிற்பவள். தாய்க்கு வேண்டிய சான்று அதுவே.

2013இல் ஸ்பெயின் நாட்டில் நடந்த இளைஞர் கால்பந்துப் போட்டிகளுக்கு இச்சிறுமியருக்கு அழைப்பு வந்தது. வெளிநாடு போகக் கடவுச்சீட்டு வேண்டும்; கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மண்வீட்டில் பிறந்த ஆதிவாசிப் பெண்ணுக்குச் சான்றிதழ் ஏது? அதைப் பெறச் சென்றபோது உள்ளூர் அலுவலகத்தில் தங்களை அடித்ததாகவும் தரையைப் பெருக்கச் சொன்னதாகவும் அச்சிறுமியர் கூறியது அந்நாளில் நாளேடுகளில் வெளிவந்தது. எதிர்க் குழுவை வெல்வதற்கு முன் அவர்கள் தாண்ட வேண்டியிருந்த முதற் காப்பாளர் அந்த மேசைக்குப் பின்னே உட்கார்ந்திருந்தார்! எப்படியோ சான்றிதழ்கள் கிடைத்தன. ஸ்பெயினுக்குச் சென்றார்கள். காஸ்தைஸ் கோப்பைப் போட்டியில் மூன்றாமிடம் பெற்றுத் திரும்பினார்கள். சிவப்புக்கரை போட்ட வெண்சேலையோடு அவர்கள் அங்கே நின்ற படங்கள் நாடெங்கும் வெளிவந்தன.

படம் வெளிவந்ததோடு பல கதைகள் முடிந்துவிடும். இது முடியவில்லை. பந்து ஆடும் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் ஒழுங்காக இல்லையென்றால் என்ன பயன் என்று எண்ணி, 2015இல் அங்கேயே ஒரு பள்ளி தொடங்கினர். 2019இல் உலக அளவில் விளையாட்டு வழியாகச் சமூகத்துக்கு நன்மை செய்வோருக்கு அளிக்கப்படும் லாரியஸ் விருது யுவாவுக்குக் கிடைத்தது. மொனாக்கோ நகரில் அதைப் பெற்றுக்கொள்ள மேடையேறியவர்கள் அச்சிறுமியரே.

அதே மாநிலத்தில், அரசாங்கமே நடத்திய முயற்சி ஒன்றையும் சொல்ல வேண்டும்; தனியார் செய்வதை மட்டும் புகழ்வது நியாயமாகாது. ஹஸாரிபாக் நகரில் சிறுமியருக்கென விடுதியோடு கூடிய கால்பந்துப் பயிற்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. தங்க இடம், மூன்று வேளை உணவு, பள்ளிப் படிப்பு, பயிற்சி. ஏழைச் சிறுமிக்கு இந்த நான்கில் மிக முக்கியமானது எது என்று கேட்டால், நான் உணவு என்பேன். காலையில் வெறும் கஞ்சியோடு வரும் பெண் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வகுப்பில் உட்கார்ந்தால் கண் சொருகத்தான் செய்யும். ஆட்டத்தில் உடல் தேய்கிறது. தேய்ந்ததை நிரப்ப வேண்டும். நம் கிராமத்துச் சிறுமியரிடையே இரத்தச் சோகை மிகுதி. முட்டையும் பருப்பும் கொடுக்காமல் பந்தை மட்டும் கொடுப்பது, எண்ணெய் ஊற்றாமல் திரியைத் தூண்டுவது போன்றது.

இந்த நிலையத்தில் வளர்ந்தவர்களில் ஒருவர் அஷ்டம் ஓராவ். கும்லா மாவட்டத்தின் கோராடோலி என்னும் சிற்றூர்க்காரர். 2022 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பையை இந்தியா நடத்தியது. புவனேசுவரம், கோவா, நவி மும்பை ஆகிய மூன்று இடங்களில் ஆட்டங்கள். இந்தியக் குழுவுக்கு அஷ்டம் தலைவி. குழுவில் மேலும் பலர் அவர் மாநிலத்துச் சிறுமியர். தலைவியாக அவர் பெயர் அறிவிக்கப்பட்டபின், அவர் வீட்டுக்குச் செல்லச் சாலை இல்லை என்பது அதிகாரிகளுக்குத் தெரிய வந்தது. அவசரமாகச் சாலை போடும் வேலை தொடங்கிற்று. அந்த வேலையில் நாட்கூலிக்குக் கல் சுமந்தவர்களில் அஷ்டமின் தாய் தந்தையரும் இருந்தார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. பலர் இதை உருக்கமான செய்தியாகப் படித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. மகள் உலகக் கோப்பைக்குப் போகும்வரை காத்திருந்த சாலை அது!

ஆட்டங்களின் முடிவை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிடம் எட்டுக் கோல்கள், மொராக்கோவிடம் மூன்று, பிரேசிலிடம் ஐந்து. நம் குழு ஒரு கோலும் போடவில்லை. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி விளையாட்டில் பெண்களுக்குச் சமவாய்ப்பு அளிக்கும் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது. அந்த ஐம்பது ஆண்டு மழையில் வளர்ந்த மரத்தோடு, நேற்று ஊன்றிய நாற்றை நிறுத்தி உயரம் அளந்தால் என்ன தெரியும்?

அந்தப் போட்டிக்கு முன்னே நடந்த வேறொன்று, தோல்வியைவிடக் கவலை தருவது. அதே ஆண்டில் ஐரோப்பியப் பயணத்தின்போது, இக்குழுவின் துணைப் பயிற்சியாளர் ஒருவர் தகாத நடத்தைக்காகப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஏழைச் சிறுமியைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் உள்ளூர அஞ்சுவது இதைத்தான். ஒரு நிகழ்ச்சி ஆயிரம் வீடுகளின் கதவைச் சாத்திவிடும். ஆகவே குழுவோடு பெண் பயிற்சியாளர் இருப்பதும், சிறுமி தயக்கமின்றி முறையிட ஓர் இடம் இருப்பதும் அலங்காரமான ஏற்பாடுகள் அல்ல. பந்துக்கும் காலணிக்கும் முந்தியவை. எல்லோரும் மேடையில் பேசத் தயங்கும் மற்றொன்றும் உண்டு. திடலுக்கு அருகே பெண்களுக்குக் கழிப்பறையும் தண்ணீரும் உடைமாற்ற மறைவிடமும் இல்லையென்றால், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் சிறுமி தானாகவே நின்றுவிடுவாள். அவள் ஏன் நின்றாள் என்று யாரும் கேட்பதில்லை. ஆர்வம் குறைந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள்.

நம் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கடற்கரையை அழித்தது. வீடிழந்த, பெற்றோரை இழந்த சிறுமியர் பலர். அவ்வூரில் மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் இத்தகைய சிறுமியருக்குத் தங்குமிடமும் படிப்பும் தந்து கால்பந்தும் பயிற்றினார். துயரத்தை மறக்கச் செய்வதற்காக ஆட்டம் என்று சொல்வது எளிது. நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்பது அனாதைக் குழந்தைக்கு எத்தகைய ஆறுதல் என்பதை அறிந்தவர்களே அறிவர். கடலூரில் ஆடிப் பழகிய பெண்கள் மாநிலக் குழுவின் முதுகெலும்பானார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் தமிழ்நாடு, அசைக்க முடியாததாக எண்ணப்பட்ட மணிப்பூரை 2-1 என்ற கணக்கில் வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கொண்டு வந்தது. மறு ஆண்டு மதுரையைச் சார்ந்த சேது குழு இந்தியப் பெண்கள் லீகை வென்றது. கடலூர்ப் பெண்ணான இந்துமதி கதிரேசன் இந்தியக் குழுவிலும் ஆடியிருக்கிறார். தமிழ்நாட்டுக் காவல் துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றுகிறார். மணிப்பூரில் கண்ட அதே வழி இங்கேயும் வேலை செய்ததைக் காண்கிறோம்.

இக்கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஓர் அச்சமும் எழுகிறது. ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் இருக்கிறார்: ஓர் உடற்பயிற்சி ஆசிரியர், ஒரு பயிற்சியாளர், எங்கிருந்தோ வந்த ஓர் இளைஞர். அவர் மாற்றலாகிப் போனால்? ஓய்வு பெற்றால்? அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மாற்றல் உத்தரவு வருவது ஒரு காகிதத்தில். பத்தாண்டுகள் வளர்த்த குழு ஒரு கோடை விடுமுறையில் கலைந்துவிடக் கூடும். 1983இல் இறுதியாட்டம் வரை சென்ற நாடு 2009இல் பட்டியலிலேயே இல்லாமற் போனதும் இதனால்தான். திறமை அழிந்துவிடவில்லை, அதைப் பிடித்து வைத்திருந்த கைகள் தளர்ந்தன. ஹுடுப் கிராமத்தார் மூத்த பெண்களையே பயிற்சியாளராக்கியது இந்த அச்சத்துக்கு ஒரு விடை. பள்ளிகளில் பெண் உடற்பயிற்சி ஆசிரியர்களை நியமித்து, அவர்களுக்கு மாலையில் திடலில் ஒரு மணி நேரத்தைப் பணியாகவே ஒதுக்கித் தருவது மற்றொரு விடை. பெண்களுக்கென்று வாரத்தில் சில நாட்களாவது ஊர்த் திடலை ஒதுக்க ஊராட்சிகளுக்குச் சட்டம் தடையில்லை. செலவும் இல்லை. ஆண்பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைச் சற்று நேரம் கீழே வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்ட 2009க்குப் பின் நிலைமை மெல்லத் திரும்பியது. 2010இல் தொடங்கிய தெற்காசியப் பெண்கள் கோப்பையை முதல் ஐந்து முறையும் இந்தியா வென்றது. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பையை நம் நாடே நடத்தியபோது, குழுவில் கொரோனாத் தொற்றுப் பரவியதால் நடுவிலேயே விலக நேர்ந்தது. அந்த ஏமாற்றத்துக்கு மூன்றாண்டுகள் கழித்து, 2025 ஜூலை 5ஆம் நாள், தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் தகுதிச் சுற்றின் இறுதியாட்டம். எதிரே நின்றது தாய்லாந்து. 1983இல் நம்மைத் தோற்கடித்த அதே நாடு. தரவரிசையில் நமக்கு வெகு முன்னே இருந்த குழு. அவர்களுடைய சொந்த மைதானம். இந்தியா 2-1 என்று வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் வங்காளத்துக் கல்யாணி நகரைச் சேர்ந்த சங்கீதா பாஸ்போர். அவரும் சஷஸ்திர சீமா பல் என்னும் எல்லைப் படையின் குழுவுக்காக ஆடியவரே. தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் முன்னேறியது அதுவே முதல் முறை. 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடைபெறும் எனக் குறிக்கப்பட்டிருந்த போட்டிக்குச் செல்லும் உரிமையை அந்த இரண்டு கோல்கள் பெற்றுத் தந்தன.